முத்திரைகள் மீன் தின்னும்

அவர் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்ததை நான் கண்டதில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டரை வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவள் நான். அவருடைய வேலையோ, பிள்ளைகளை வாசித்து விளங்கவைப்பது.

புதுப் புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் பின்பக்க அட்டையைத்தான் திருப்புவார். நிறுவனத்தின் இலச்சினை சரியான நிறத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நடுவில் பிளந்து மூக்கருகே கொண்டுபோய் மை வாசத்தை இழுப்பார். "நல்லா வந்திரிக்கி," என்று மேசையில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எங்கள் வாயால்தான் அவருக்குத் தெரியவேண்டும். "சாராம்சத்தச் சொல்லுங்க பிள்ள," என்பார். வாசிப்புக் கண்ணாடி எந்நேரமும் நெற்றியில்தான் இருக்கும். கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணுக்கு இறங்கும்.

என்னை வேலைக்கு எடுத்ததும் அப்படித்தான். மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய வீடுதான் எங்கள் கந்தோர், அலுவலகம். பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு நேர்முகத்துக்குப் போனேன். என் விண்ணப்பம் அவர் முன்னால் மேசையில் கிடந்தது. மூன்று பக்கம், இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது.

"இதில என்ன எழுதியிரிக்கீங்க?"

"என்னப் பற்றி, சேர்."

"ஓம், ஓம். அதின்ட சாராம்சம்?"

என்னை நானே நாலு வரியில் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே அவர் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. வாவியில் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். "காணும். திங்கக்கிழம வாங்க," என்றார். அன்றைக்கு நான் அவரைப் பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மாதம் இருந்திருக்கும்.

அவருடைய சாராம்சம் கேட்கும் பழக்கம் கந்தோருக்கு வெளியேயும் நீண்டது. ஒருமுறை அவருக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. அவர் வேறு யாருடனோ தொலைபேசியில் பேசிக்கொண்டே கையால் சைகை காட்டினார். கந்தோர் உதவியாளர் உறையைப் பிரித்து மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பழைய அதிபர் ஐயா வீட்டில, வெள்ளிக்கிழம மத்தியானம், சாப்பாடு," என்றார். அந்த மூன்றும் சரிதான். வெள்ளிக்கிழமை நம்மாள் பளபளக்கும் கடதாசியில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு போய் இறங்கினார். அது அதிபருடைய மனைவி இறந்த முப்பத்தோராம் நாள். வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. அந்தப் பொட்டலத்தைச் சாப்பிடும்வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாராம். திரும்பி வந்து உதவியாளரைத்தான் ஏசினார். அடுத்த அழைப்பிதழையும் அதே உதவியாளரிடம்தான் நீட்டினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் வாசிப்புத் திட்டம் வந்து சேர்ந்தது. உலகத்தைப் பற்றிய உண்மைக் கதைகள், பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள். எரிமலை, பாலைவனம், கடலுக்கு அடியில் ஓடும் ரயில், எறும்புப் புற்று, துருவத்துப் பனி. தரம் நான்கு பிள்ளைகள் வாசிக்கவேண்டும், வாசித்ததைப் பற்றிக் கதைக்கவேண்டும், கேள்விக்கு விடை எழுதவேண்டும்.

"எங்கட புள்ளைகள் நரியையும் காகத்தையும் வாசிச்சது காணும்," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தொடங்குவார். "உண்மையான உலகத்த வாசிக்கட்டும். விளங்கி வாசிக்கட்டும்."

அந்த எண்ணம் யாருடைய மண்டையில் முதலில் உதித்ததோ, நல்ல எண்ணம். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன். பக்கத்து ஊரைத் தாண்டாத பிள்ளைக்கு ஒரு எரிமலையைக் கொடுத்துப் பாருங்கள், கேள்விமேல் கேள்வி வரும். அந்த நல்ல எண்ணம் இந்த மனிதரின் மேசையில் வந்து விழுந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சேர்ந்தபோது புத்தகங்கள் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திறங்கியிருந்தன. மூலம் ஆங்கிலம். மொழிபெயர்த்தது அவருடைய கைத்தொலைபேசி. சரிபார்த்தேன் என்று கையெழுத்து மட்டும் அவருடையது.

கரடியனாற்றுப் பக்கம் ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு வைத்தோம். அதில் அவர் தன்னுடைய முறையைச் சொல்லிக்கொடுத்தார். கேள்வியில் முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு போடு. அதே சொல்லைக் கதையில் தேடு. அதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுது. முடிந்தது. வெண்பலகையில் மூன்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். தானே கண்டுபிடித்ததுபோல முகம் மலர்ந்திருந்தது.

முன்வரிசையில் இருந்த வயதான ஆசிரியை ஒருவர் எழுந்தார். "சேர், அப்ப புள்ளைக்குக் கதை விளங்கோணும் எண்டு இல்லியா?"

"விடை சரியெண்டா விளங்கினதாத்தானே டீச்சர் அர்த்தம்?"

அந்த ஆசிரியை பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

முறை என்னவோ வேலை செய்தது. அதுதான் கொடுமை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எனக்கு ஒப்படைத்த பாடசாலையில் ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். தரம் நான்கில் இருபத்தாறு பிள்ளைகள். பலகையில் ஒரு வரி எழுதினேன்: "துமுக்கன் ஒரு கிரட்டியை லொம்பினான்." வாயில் வந்ததை எழுதினேன், அவ்வளவுதான். பிறகு கேட்டேன், "துமுக்கன் எதை லொம்பினான்?"

"கிரட்டியை!" என்று வகுப்பே கத்தியது.

"சரி!" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது பின்வரிசை வாங்கில் ஒரு கை உயர்ந்தது. யதுசா. மெலிந்த பிள்ளை, ஒரு பக்கப் பின்னல் எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும்.

"டீச்சர், கிரட்டி எண்டா என்ன?"

"ஒண்டுமில்ல புள்ள, சும்மா எழுதின."

"அப்ப ஏன் சரி எண்டீங்க?"

இருபத்தாறு பேரில் ஒரு பிள்ளைக்கு அது உறைத்திருந்தது. அடுத்த வாரம் துருவத்துப் புத்தகம் வாசித்தபோது அதே கை மறுபடியும் உயர்ந்தது. வாசித்த வரிகள் இவை: "முத்திரைகள் பனிக்கட்டியின் மேல் படுத்திருக்கும். முத்திரைகள் மீன்களை உண்ணும்." படத்தில் வெள்ளைவெளேரென்ற பனியும் தூரத்தில் ஐந்தாறு கறுப்புப் பொட்டும் இருந்தன.

"டீச்சர், முத்திர எண்டா தபால் கந்தோர்ல கடிதத்தில ஒட்டுறதுதானே?"

"ஓம்."

"அது எப்பிடி மீன் திங்கும்?"

எனக்கும் விடை தெரியவில்லை. அன்று பின்னேரம் கந்தோர் அலுமாரியைக் குடைந்து ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். கடல்நாய். பனிக்கடலில் வாழும் அந்த விலங்குக்கும் முத்திரை குத்துவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், சீல். கைத்தொலைபேசி ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டது. அந்தப் புத்தகத்தில் பதினான்கு இடத்தில் முத்திரை. முத்திரைகள் குட்டி போட்டுப் பால் கொடுத்தன. முத்திரைகளைக் கரடிகள் துரத்தின. நான்கு கல்வி வலயத்துப் பிள்ளைகள் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவரிடம் சொல்லவில்லை.

சொல்லப் போனேன் என்றும் அவர் கேட்கவில்லை என்றும் எழுதினால் வாசிப்பவர்கள் நம்புவார்கள். அவரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் நான் போகவே இல்லை. கந்தோர் வேனில் டிரைவர் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். அவர் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தார். "சேருக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாமலே கிடக்கட்டும்," என்றேன். அதிலிருந்து தபால் கந்தோரைத் தாண்டும்போதெல்லாம் அண்ணன் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "குட்டி போட்டிரிக்கோ தெரியா," என்பார். இருவரும் சிரிப்போம். முன்சீற்றில் சேர் இருந்தாலும் சிரிப்போம். அவரும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

வெளிநாட்டிலிருந்து திட்டத்தைப் பார்க்க ஆட்கள் வரவிருந்தார்கள். அவர்கள் முன்னால் அது வெளிக்கவேண்டும், அவர் முகம் போகிற போக்கை நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அதுதான் என் ஆசை.

ஆனால் அதற்கு முன்னால் சோதனை வந்தது. துருவத்துப் புத்தகத்திலிருந்து ஐந்து கேள்வி. மூன்றுக்குக் குறைவாக எடுக்கிற பிள்ளை ‘மெல்ல வாசிப்போர்’ பட்டியலில் போகும். யதுசா முதல் இரண்டையும் சரியாக எழுதியிருந்தாள். மீதி மூன்றும் முத்திரையைப் பற்றியவை. எங்கே படுக்கும், எதை உண்ணும், குளிர் ஏன் ஏறாது. மூன்றுக்கும் சேர்த்து அவள் ஒரே விடை எழுதியிருந்தாள்: "முத்திரைக்கு உயிர் இல்லை. அது கடதாசி. இந்தக் கதையில் பிழை இருக்கு."

வகுப்பில் அந்தப் புத்தகத்தை விளங்கி வாசித்தது அவள் ஒருத்திதான். திருத்துகிறவர்களுக்குத் தந்த தாளில் மூன்றாம் கேள்விக்கு ‘பனிக்கட்டி’, நான்காம் கேள்விக்கு ‘மீன்’ என்று இருந்தது. சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. நான் பிழை போட்டேன். ஐந்துக்கு இரண்டு.

பட்டியலை அவரிடம் கொண்டுபோனபோது விடைத்தாள்களையும் கூடவே வைத்தேன். ஒருவேளை அவர் மேலே இருந்த அந்த ஒரு தாளையாவது பார்த்துவிட்டால், எல்லாம் தானாக வெளிக்கும் என்று ஒரு கோழைத்தனமான எதிர்பார்ப்பு. அவர் தாள்களைத் தட்டி விளிம்பு சமப்படுத்தி மேசை லாச்சிக்குள் போட்டார். "எத்தின பேர் மெல்ல வாசிப்போர்?"

"எங்கட பாடசாலையில நாலு பேர், சேர்."

"அந்த நாலு பேரும் அண்டைக்கு வரப்படாது."

"எண்டைக்கு?"

"வெளிநாட்டுக்காரர் வாற அண்டைக்கு. நீங்க போய் வீட்டுக்காரரிட்ட பக்குவமாச் சொல்லிருங்க பிள்ள."

அடுத்த நாள் நானும் அவரும் படுவான்கரைக்குப் போனோம். ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் ‘பாதை’ என்று பேர். அன்றைக்கு அதன் எஞ்சின் நடுவாவியில் நின்றுபோனது. கரைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லி ஆள் வரும்வரை சும்மா நிற்கவேண்டியிருந்தது. நல்ல வெயில். அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே கதைக்கத் தொடங்கினார்.

"நான் படிக்கக்குள்ள நாங்க அகதி முகாமில, பிள்ள. வகுப்புக்கு ஒரு புத்தகம். நாப்பது புள்ளைகள். கைமாறிக் கைமாறி வரும். எனக்கிட்ட வாறத்துக்குள்ள மணி அடிச்சிரும். முன்னுக்கு இரிக்கிறவனுக்கிட்டத்தான் கேப்பன், என்னடா கதை எண்டு. அவன் சொல்லுவான். அத வச்சித்தான் எல்லாச் சோதினையும் பாஸ் பண்ணின."

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு நிமிடம் மனம் இளகத்தான் செய்தது. அப்போது கரையிலிருந்து தோணி வந்து கயிறு எறிந்தது. இறங்கும்போது அவர் நினைவூட்டினார்: "அந்த நாலு வீட்டுக்கும் மறக்காமப் போங்க. நான் அதிபரச் சந்திச்சிற்று வாறன்." இளகினது அப்படியே இறுகிப்போனது. நாற்பது பேருக்கு ஒரு புத்தகம் என்று ஏங்கிய ஆள், புத்தகம் கையில் இருக்கும்போதும் திறக்கமாட்டார் என்றால் அதற்கு நான் என்ன இரக்கப்படுவது?

யதுசாவின் தாய் தார் றோட்டில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிவிட்டுக்கொண்டு நின்றார். நான் பக்குவமாகச் சொன்னேன். பக்குவமாகச் சொன்னால் எதுவும் சின்னதாகிவிடும் என்ற நினைப்பில்.

"வாசிப்பு கொஞ்சம் மெதுவு. அண்டைக்கு ஒரு நாள் மட்டும் வீட்டில நிக்கட்டும்."

அந்த அம்மா கிளறுவதை நிறுத்தவில்லை. "மெதுவு எண்டா மொக்கு எண்டுறீங்களா கா?"

"அப்பிடியில்ல..."

"வீட்டில எந்த நேரமும் என்னத்தையாவது வாசிச்சிக்கிட்டுத்தானே இரிக்காள். சீனி சுத்தின பேப்பரக்கூட விடாள். நான் படிக்காதவள். எனக்கென்ன தெரியும்? வாசிக்கிறாள் எண்டு நினைச்சிக்கிட்டிருந்தன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நானும் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். உங்கள் பிள்ளை எழுதியதுதான் சரி. சொல்லவில்லை. சொன்னால் பிழை போட்டது யார் என்ற கேள்வி வரும். வேலையும் போகும். அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண், கொழும்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். பிள்ளைகள் வாழைத்தோரணத்துக்குக் கீழே வரிசையாய் நின்று வரவேற்றார்கள். வகுப்புக்குள் அந்தப் பெண் பாயில் பிள்ளைகளோடு கால்மடித்து உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். பிள்ளை ஒன்று எழுந்து கணீரென்று வாசித்தது: "முத்திரைகள் பனிக்கட்டியின் மேல் படுத்திருக்கும். முத்திரைகள் மீன்களை உண்ணும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்த வரியை ஆங்கிலத்தில் சொன்னார். முத்திரைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதைத்தான் சொன்னார். அது போன வழியாலேயே திரும்பிப் போய்க் கடல்நாய் ஆகிவிட்டது. அந்தப் பெண் புன்னகைத்தார். ஆண் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். எல்லாம் சரியாகவே இருந்தது.

எங்கள் சேர் என் பக்கம் திரும்பி, நெற்றிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "பாத்தீங்களா பிள்ள? என்னமா விளங்கியிரிக்கி!"

டிரைவர் அண்ணனுக்கு அன்று இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் புள்ளய வீட்டில வச்சதுக்கு என்ன கணக்கு, மிஸ்?" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் தபால் கந்தோர்ப் பகிடி நின்றுபோனது.

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளோடு இறுதிச் சோதனை. யதுசா ஐந்துக்கு ஐந்து. பனிக்கட்டி. மீன். தடித்த கொழுப்பு. அழகான கையெழுத்து, கோடு தப்பாமல். வகுப்பில் அவள் கை உயர்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதை நான் கவனித்திருந்தேன், கவனிக்காததுபோலவும் இருந்திருந்தேன்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டில இரிந்து அஞ்சு! இதத்தான் வெற்றிக் கதையாப் போடணும். எழுதுங்க பிள்ள. படமும் எடுங்க."

எழுதினேன். ஒரு பக்கம். நடுவில் வேண்டுமென்றே ஒரு வரி வைத்தேன்: "இந்தப் பிள்ளை முதல் தடவை எழுதிய விடையே சரியானது." கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது. கையெழுத்துப் போட்டார். கண்ணாடி மேலே போனது. "நல்லா வந்திரிக்கி. அனுப்புங்க."

அறிக்கை போகும் முன்னால் அந்த வரியை நானேதான் எடுத்தேன். அவர் வாசிக்காததைப் பிடித்துவிட்டேன் என்ற திருப்தி எனக்குப் போதுமாக இருந்தது.

திட்டம் முடிந்தது. அவருக்கு நல்லகாலம். அதைவிடப் பெரிய இடம் ஒன்றில் இன்னும் பெரிய கதிரை கிடைத்தது. வாசிப்பு மாதம் வந்தால் மேடை மேடையாய் அவர்தான். வாழைச்சேனையில் ஒரு பாடசாலையில் பேசும்போது நானும் கூட்டத்தில் இருந்தேன். வாசிக்காத மனிதன் அரைமனிதன் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேசி முடித்ததும் அவருக்கு ஒரு கட்டுப் புத்தகம் பரிசாகக் கொடுத்தார்கள். மேல் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, நடுவில் பிளந்து, மூக்கருகே கொண்டுபோனார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு மனிதரைக் குமட்டும் அளவுக்கு வெறுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்போது எனக்கு அரச நியமனம் கிடைத்திருக்கிறது. படுவான்கரையில்தான், மேல்வகுப்புகள் உள்ள பாடசாலை. முதல் நாள் ஒன்பதாம் தரத்துக்குப் போனபோது யதுசா இரண்டாம் வாங்கில் இருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். என்னைக் கண்டு எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் யோசித்தேன். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் கதிரை எடுத்துப்போட்டார். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, நான் எழுதிய அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன யதுசா அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பிடி இஞ்ச வந்த?"

"அந்த சேர்தான் கொண்டந்து தந்த. திட்டமெல்லாம் முடிஞ்ச பொறகு. மழைக்குள்ள, மோட்டார் சைக்கிள்ள. இருந்து தேத்தண்ணியும் குடிச்சிற்றுத்தான் போனாரு."

எனக்கு இது புதிது. அவர் மழையில் வாவி கடந்து ஒரு வீட்டுக்குப் போனார் என்பதை நம்பவே கடினமாக இருந்தது. ஆனாலும் வந்த விஷயத்தைச் சொன்னேன். முத்திரை என்பது மொழிபெயர்ப்புப் பிழை என்று. அன்றைக்கு யதுசா எழுதியதே சரி என்று. பிழை போட்டது நான் என்று.

தாய் சுவரில் தொங்கிய பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமா கா?"

"ஓம்."

"தெரிஞ்சிகிட்டா வந்து என்னட்ட மொக்கு எண்டீங்க?"

"பயத்தில. வேல போயிரும் எண்டு."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்டது. யதுசா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் டீச்சர், கதை பிழை எண்டு," என்றாள். "கடல்நாய் எண்டது போன வருசம்தான் தெரியும். ஒரு புத்தகத்தில கண்டன்."

"மறுகா ஏன் மீன் எண்டு எழுதின?"

"அம்மா அழுதாவே."

சொல்லிவிட்டு உள்ளே தாய்க்குக் கேட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சேர் வந்த அண்டைக்கு அம்மா தேத்தண்ணி போடப் போனா. அப்ப அவரு என்னட்டக் கேட்டாரு, மகள், இந்த முத்திர எண்டுறது என்ன மிருகம் எண்டு."

நான் கதிரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"புத்தகத்தக் கையில வச்சிருந்தாரு. நனையாமச் சட்டைக்குள்ள வச்சிக் கொண்டந்த. அந்தப் பக்கத்தில வெரல வச்சிக் காட்டித்தான் கேட்டாரு. எனக்கு, சேர் இது பிழை எண்டு சொல்ல வாய் வந்தது. மறுகாவும் பேர லிஸ்டில போட்டிருவாங்களோ எண்டு பயம். தெரியா எண்டிட்டன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"புத்தகத்த மூடினாரு. பொறகு, எனக்கும் தெரியா மகள் எண்டாரு."

அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் அந்தப் பக்கத்தை வாசித்திருக்கவேண்டும். அதுவும் நிறுத்தி, விளங்கவில்லை என்று உணர்ந்து. கந்தோரில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். அவர் எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேடி வாவியைக் கடந்திருக்கிறார்.

"பொறகு ஆராவது அவருக்குச் சொன்னாங்களா டீச்சர்?"

"இல்ல."

"நீங்களும் சொல்லல்லியா?"

நானும் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"பாவம்," என்றாள் யதுசா.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல இத்தனை வருடத்தில் என்னிடம் எவ்வளவோ சொற்கள் சேர்ந்திருந்தன. அந்தச் சொல் அவற்றில் இருந்ததில்லை.